40 ஆயிரம் ரோ உள்ள டேபிள் 22 ஜிபி: வேக்யூம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதுவும் குறையவில்லை

நடுராத்திரி_டெப்ளாய் (கேள்வி)

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இல்லை. பேக்எண்ட் எழுதுகிறவன். டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "போஸ்ட்கிரெஸ்தானே, அது பாட்டுக்கு ஓடும்" என்று பாஸ்வேர்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நாலு மாதமாகிறது. அது பாட்டுக்கு ஓடவில்லை.

பதிப்பு 14. ஜாப்_வரிசை என்று ஒரு டேபிள். மெயில் அனுப்ப, பிடிஎஃப் உருவாக்க, நினைவூட்டல் போட, எல்லாவற்றுக்கும் அதில் ஒரு ரோ விழும். வொர்க்கர்கள் ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பார்கள். ஒரு ரோ சுமார் ஒன்றரை கேபி. முடிந்ததை உடனுக்குடன் அழித்துவிடுவதால் எப்போது எண்ணினாலும் 40 ஆயிரத்தைத் தாண்டாது. ஆனால் ஒரு ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது வொர்க்கர் "இன்னும் உயிரோடு இருக்கிறேன்" என்று சில செகண்டுக்கு ஒருமுறை அதே ரோவில் நேரத்தை எழுதும். ஆகமொத்தம் ஒரு நாளைக்கு 30 லட்சம் அப்டேட்.

60 எம்பியில் அடங்கவேண்டிய டேபிள். இன்று வெள்ளிக்கிழமை, 22 ஜிபி. அடுத்த ஜாபை எடுக்கிற செலக்ட் திங்களன்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது, இன்று 9 செகண்ட்.

செய்து பார்த்தவை: செத்த ரோக்களைத் துடைப்பது வேக்யூம், அதைத் தானாகச் செய்கிற ஆட்டோவேக்யூமின் வொர்க்கரை 3-லிருந்து 8 ஆக்கினேன். ஸ்கேல் ஃபேக்டரை 0.2-லிருந்து 0.01 ஆக்கினேன். காஸ்ட் டிலே (அது நடுநடுவே எடுக்கும் ஓய்வு) 0. டிஸ்க் அலறியதுதான் மிச்சம். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் கடைசி ஆட்டோவேக்யூம் ஒரு நிமிடத்துக்கு முன் என்று இருக்கிறது. பக்கத்திலேயே டெட் ரோ 1.5 கோடி என்றும் இருக்கிறது. துடைப்பம் ஓடுகிறது, குப்பை அப்படியே கிடக்கிறது.

பலிக்கிற வழி ஒன்றுதான். ஞாயிறு இரவு எல்லா சர்வீஸையும் நிறுத்தி, போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்து, வேக்யூம் ஃபுல் (டேபிளையே புதிய ஃபைலில் எழுதிச் சுருக்குவது) ஓட்டி, பிறகு சர்வீஸ்களை மேலே கொண்டுவருவேன். 60 எம்பிக்கு வந்துவிடும். வெள்ளிக்குள் பழைய குருடி கதவைத் திறடி.

கேள்வி: வேக்யூம் ஃபுல்லைத் தினமும் ஓட்டலாமா? அது ஓடும்போது டேபிளை யாரும் தொட முடியவில்லை, அதைத் தவிர்க்க வழி உண்டா?

வேகமே_துணை

பிஜி_ரீபேக் எக்ஸ்டென்ஷன் போடுங்கள். வேக்யூம் ஃபுல் செய்கிற வேலையையே செய்யும், டேபிளை நேரம் முழுக்கப் பூட்டாது. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுகிற கருவி) தினமும் இரவு 2 மணிக்கு வையுங்கள். பிரச்சினை முடிந்தது.

சாவிக்கொத்து

ரீபேக் நல்ல கருவி, நானே வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே அதை ஓட்டினால் "ஒரு டிரான்ஸாக்ஷன் முடியக் காத்திருக்கிறேன்" என்று சொல்லி அப்படியே நிற்கும் என்பது என் ஊகம் (டிரான்ஸாக்ஷன் என்றால் பிகினில் தொடங்கி கமிட்டிலோ ரோல்பேக்கிலோ முடிகிற ஒரு தொகுதி வேலை). ஏன் என்று பிறகு.

முதலில் கணக்கு. ஆட்டோவேக்யூம் எப்போது கிளம்பும்? டீஃபால்ட்டில் 50 டெட் ரோ, கூடவே மொத்த ரோவில் 0.2 பங்கு. உங்கள் டேபிளுக்கு 50 + 8000 = 8050. ஒரு நாளைக்கு 30 லட்சம் என்றால் செகண்டுக்கு 35 அப்டேட். 8050 சேர நாலு நிமிடம்கூட ஆகாது. அதாவது எதையும் தொடாமல் விட்டிருந்தாலும் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை பெருக்க ஆள் வந்திருப்பான். நீங்கள் திருகிய மூன்று குமிழுமே தேவையில்லாதவை. காஸ்ட் டிலேயைப் பழையபடி 2 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோங்கள், பாவம் டிஸ்க்.

ஆள் வருகிறான், குப்பை போகவில்லை. அப்படியானால் யாரோ "தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் பழைய ரோவின் மேல் எழுதுவதில்லை. புதிதாக ஒன்றை எழுதிவிட்டுப் பழையதை அங்கேயே விட்டுவிடும். அந்தப் பழையதைப் பார்க்கும் உரிமையுள்ள டிரான்ஸாக்ஷன் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால்தான் வேக்யூம் அதை எடுக்கும். வீட்டில் ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை பேப்பரைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போய்விட்டார் என்று வையுங்கள். "நான் இன்னும் படித்து முடிக்கவில்லை, அதற்குப் பின் வந்த எதையும் எடைக்குப் போடாதே" என்பது அவர் உத்தரவு. திங்கள் பேப்பர், செவ்வாய் பேப்பர் எல்லாம் கூடத்தில் மலையாகக் குவியும். பெருக்குகிறவனை எட்டுப் பேராக்கினால் என்ன ஆகும்? எட்டுப் பேரும் மலையைச் சுற்றி வருவார்கள்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த வரி "போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்து" என்பது. மருந்து வேக்யூம் ஃபுல் இல்லை, அந்த ரீஸ்டார்ட்தான். அவர் ஆட்சேபித்துக்கொண்டே இருந்திருந்தால் ஃபுல்கூட அந்த டெட் ரோக்களைப் புதிய ஃபைலுக்குப் பத்திரமாகச் சுமந்துகொண்டு போயிருக்கும்.

வழக்கமாகச் சந்தேகிக்கவேண்டியவர்கள் நாலு பேர். திறந்தே கிடக்கிற டிரான்ஸாக்ஷன். யாரோ பிரிப்பேர் செய்துவிட்டு மறந்துபோன இரண்டு கட்ட டிரான்ஸாக்ஷன். கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை படித்தது என்ற குறிப்பு). ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் போட்டு வைத்த ஸ்டாண்ட்பையில் (நகல் சர்வரில்) நீளமாக ஓடும் க்வெரி. இதில் இரண்டாவதும் மூன்றாவதும் ரீஸ்டார்ட்டுக்கு அசையாது, எழுந்ததும் அங்கேயே இருக்கும். உங்களுக்கு ரீஸ்டார்ட்டில் சரியாகிறது என்பதால் அவர்களை விட்டுவிடலாம். ஸ்டாண்ட்பை இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு காரியம். அந்த டேபிளுக்கு வேக்யூம் வெர்போஸ் ஓட்டுங்கள் (ஃபுல் இல்லை, வெறும் வேக்யூம்). இத்தனை டெட் ரோவை இன்னும் நீக்கமுடியாது என்று சொல்லி, பக்கத்திலேயே ஓல்டஸ்ட் எக்ஸ்மின் என்று ஒரு எண் தரும். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (இப்போதுள்ள செஷன்களின் பட்டியல்) பிஐடி, ஸ்டேட், எக்ஸாக்ட்_ஸ்டார்ட், பேக்எண்ட்_எக்ஸ்ஐடி, பேக்எண்ட்_எக்ஸ்மின் இந்த ஐந்தையும் எடுத்துப் போடுங்கள். சூப்பர்யூசராகவோ பிஜி_மானிட்டர் ரோல் உள்ளவராகவோ பாருங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களின் விவரம் மறைந்திருக்கும்.

வெட்கப்படவேண்டாம் என்பதற்காக: நானும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாதத்துக்கு மேல் வேக்யூம் செட்டிங்குகளையே திருகிக்கொண்டிருந்தேன். குற்றவாளி, சர்வரில் நான் டிமக்ஸில் (இணைப்பு போனாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் டெர்மினல்) திறந்து வைத்திருந்த ஒரு ஜன்னல். பிகின் அடித்து, ஒரு அப்டேட் சோதித்து, கமிட்டும் இல்லாமல் ரோல்பேக்கும் இல்லாமல் லேப்டாப்பை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

நடுராத்திரி_டெப்ளாய்

நன்றி சார். ஸ்டாண்ட்பை இல்லை. வேக்யூம் வெர்போஸ் சொன்ன எண் 812407553.

ஆனால் ஆக்டிவிட்டியைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. நெட்டில் கிடைத்த ஒரு க்வெரியைப் போட்டேன்: பேக்எண்ட்_எக்ஸ்மின் காலியாக இல்லாதவற்றை எடுத்து, வயதானது மேலே வருகிற மாதிரி. 11 செஷன் வந்தது. பதினொன்றிலும் பேக்எண்ட்_எக்ஸ்மின் 812407553! பத்து செகண்ட் கழித்து ஓட்டினால் பிஐடி மாறுகிறது, எண் மாறவில்லை. இப்போதுதான் இணைந்த வொர்க்கர்கூட அதே எண்ணைக் காட்டுகிறது. எல்லோருமா குற்றவாளி? பக்கத்து டீமில் ஒருவர் "எல்லாவற்றையும் கில் -9 போடு" என்கிறார்.

சாவிக்கொத்து

ஒன்று: சார் இல்லை, அக்கா.

இரண்டு: கில் -9 என்கிறவரிடம் சர்வர் பாஸ்வேர்ட் இருந்தால் பிடுங்கிக்கொள்ளுங்கள். ஒரு பேக்எண்டை அப்படிக் கொன்றால், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்று பயந்து போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா செஷனையும் துண்டித்து கிராஷ் ரெக்கவரிக்குப் போய்விடும். அனுப்பவேண்டுமானால் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இருக்கிறது. ஓடுகிற க்வெரியை மட்டும் நிறுத்த பிஜி_கேன்சல்_பேக்எண்ட்.

மூன்று: அந்தப் பதினொரு பேரும் குற்றவாளிகள் இல்லை, சாட்சிகள். புதிதாக ஒரு க்வெரி கிளம்பும்போது ஸ்னாப்ஷாட் எடுக்கும். "இந்த நிமிடம் இன்னும் முடியாமல் இருக்கிற டிரான்ஸாக்ஷன்களில் மூத்தது எது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் அந்த பேக்எண்ட்_எக்ஸ்மின். பதினொரு பேரும் ஒரே ஆளைக் கை நீட்டிக் காட்டுகிறார்கள்: 812407553. எழுதுகிற டிரான்ஸாக்ஷன் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற சொந்த எண் எக்ஸ்ஐடி, அந்த ஆள் யார் என்று பேக்எண்ட்_எக்ஸ்ஐடி பத்தியில் தேடுங்கள்.

உங்கள் நெட் க்வெரி அவரைத் தவறவிடக் காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் டீஃபால்ட்டான ரீட் கமிட்டெட் முறையில் ஒரு ஸ்டேட்மென்ட் முடிந்ததுமே ஸ்னாப்ஷாட் கைவிடப்படும். டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவரின் எக்ஸ்மின் காலி. "காலியாக இல்லாதவை மட்டும்" என்று வடிகட்டினால் முதலில் வெளியே போகிறவர் அவர்தான்! எக்ஸ்ஐடி, எக்ஸ்மின் இரண்டின் வயதையும் பார்த்து, எது பெரியதோ அதை வைத்து வரிசைப்படுத்தவேண்டும்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்று: ரீட் கமிட்டெட்டில் வெறும் செலக்ட் மட்டும் போட்டுவிட்டு ஐடில் இன் டிரான்ஸாக்ஷனில் தூங்குகிறவர் வேக்யூமைத் தடுப்பதில்லை. அவருக்கு எக்ஸ்ஐடியும் கிடையாது, எக்ஸ்மினும் கிடையாது. (கர்சர் திறந்திருந்தால், அல்லது டிரான்ஸாக்ஷன் முழுக்க ஒரே ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்கும் ரிப்பீட்டபிள் ரீட் என்றால் கதை வேறு.) அதனால் ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் அடிக்காதீர்கள்.

ஆள் அகப்பட்டதும் கிளையன்ட்_அட்ரஸ், கிளையன்ட்_போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த மெஷினுக்குப் போய் எஸ்எஸ் கமாண்டில் அந்தப் போர்ட்டைத் தேடினால் எந்த ப்ராசஸ் என்று தெரிந்துவிடும். யார், எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் டெர்மினேட் செய்யவேண்டாம்.

நடுராத்திரி_டெப்ளாய்

அக்கா, கிடைத்தது. ஒரே ஒரு ரோ. ஸ்டேட்: ஐடில் இன் டிரான்ஸாக்ஷன். எக்ஸ்மின் காலி. எக்ஸ்ஐடி 812407553. எக்ஸாக்ட்_ஸ்டார்ட் ஞாயிறு இரவு 23:52, நான் சர்வீஸ்களைத் திரும்ப மேலே கொண்டுவந்த நேரம். கடைசி க்வெரி: ஷெட்யூலர்_லீடர் டேபிளில் ஐடி 1 உள்ள ரோவை செலக்ட், ஃபார் அப்டேட்.

எங்கள் சொந்த ஷெட்யூலர். இரண்டு மெஷினில் ஓடுகிறது. யாராவது ஒருவர்தான் ஜாப்களை வரிசையில் போடவேண்டும். அந்த ஒரு ரோவை யார் பூட்டி வைத்திருக்கிறார்களோ அவர் லீடர். மற்றவர் 30 செகண்டுக்கு ஒருமுறை நோவெயிட் போட்டுத் தட்டிப் பார்ப்பார், கிடைக்காவிட்டால் ரோல்பேக். ஜாப்களைப் போடுவது வேறு கனெக்ஷனில். கோடில் பழைய ஆள் எழுதிய கமெண்ட்: "கனெக்ஷன் செத்தால் லாக் தானாக விடும், வேறெதுவும் தேவையில்லை." நாலு மாதமாக அதைக் கடந்துதான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அது வெறும் செலக்ட்தானே? நீங்கள் சொன்னபடி பார்த்தால் எக்ஸ்ஐடியே வந்திருக்கக்கூடாதே?

வேகமே_துணை

அதான் ஆள் கிடைத்துவிட்டதே. ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்று 9.6-லிருந்தே இருக்கிறது. டீஃபால்ட்டில் 0, அதாவது அணைந்திருக்கும். ஆல்டர் சிஸ்டம் செட், 10 நிமிடம், ரீலோட். இனி எவனும் தூங்க முடியாது.

நடுராத்திரி_டெப்ளாய்

வேகமே_துணை சொன்னதை நேற்று மாலை செய்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

17:40 ரீலோட். ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த செஷனைப் புதிய டைம்அவுட் தொடவில்லை, அதனால் 17:50-க்கு ஷெட்யூலரின் அந்தக் கனெக்ஷனை பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் போட்டு அறுத்தேன். இரண்டே நிமிடத்தில் டெட் ரோ 1.5 கோடியிலிருந்து 6 ஆயிரம். நாலு மாதத்தில் முதல்முறை! துள்ளிக் குதித்து, முடித்து உட்காரவில்லை, சப்போர்ட்டிலிருந்து அழைப்பு: ஒவ்வொரு நினைவூட்டலும் இரண்டு இரண்டாகப் போகிறது.

லாக் விட்டதும் இரண்டாவது மெஷின் லீடர் ஆகிவிட்டது. முதல் மெஷினுக்குத் தன் பதவி போனதே தெரியாது. அந்தக் கனெக்ஷனில் அது வேறெதுவும் செய்வதில்லை, அறுந்ததை எப்படி அறியும்? வேறு கனெக்ஷனில் ஜாப் போட்டுக்கொண்டே இருந்தது. 18:01-க்கு இரண்டாவதின் லாக்கும் போயிற்று. பிறகு லீடர் என்று ஒருவரும் இல்லை, ஆனால் இருவரும் தன்னை லீடர் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். டைம்அவுட்டை 0 ஆக்கி, இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து, மன்னிப்பு மெயில் எழுதி முடிக்க இரவு ஒன்பது.

வேகமே_துணை

என் தவறு. லீடர் லாக் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் படிக்கவேயில்லை.

சாவிக்கொத்து

அந்த செட்டிங்கைக் குறை சொல்லமாட்டேன், நான் நிர்வகிக்கிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வரிசைதான் தப்பு. பிடித்துக்கொண்டிருப்பவர் எதற்காகப் பிடித்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் கையைத் தட்டவேண்டும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஃபார் அப்டேட் பெயரளவில்தான் செலக்ட். போஸ்ட்கிரெஸ் ரோ லாக்கை மெமரியில் தனிப் பட்டியலாக வைப்பதில்லை. "இந்த டிரான்ஸாக்ஷன் பூட்டியிருக்கிறது" என்று அந்த ரோவின் தலைப்பிலேயே எழுதுகிறது. எழுதக் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் எக்ஸ்ஐடி.

இனி சரிசெய்வது. ரோவைப் பூட்டுவதை விட்டுவிட்டு அட்வைசரி லாக்குக்கு (எந்த ரோவையும் தொடாமல் ஒரு எண்ணை மட்டும் பூட்டுவது) மாறுங்கள்: பிஜி_ட்ரை_அட்வைசரி_லாக், ஏதாவது ஒரு நிலையான எண். இது செஷன் அளவிலான லாக், டிரான்ஸாக்ஷனே தேவையில்லை. ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் தானாகவே கமிட் ஆவது) ஆன் செய்து, அதற்கென்றே ஒரு தனிக் கனெக்ஷன் வைத்து எடுங்கள். செஷன் உயிரோடிருக்கும்வரை லாக் இருக்கும், செத்தால் விடும். பழைய கமெண்ட் சொன்ன அதே நன்மை, பேப்பர் மலை இல்லாமல். பெயரில் எக்ஸாக்ட் என்று இருக்கிற அட்வைசரி லாக்கை எடுக்காதீர்கள், அது டிரான்ஸாக்ஷனோடு கட்டுண்டது. மறுபடி திறந்து வைக்க நேரும்.

ஆட்டோகமிட்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பைத்தானில் சைக்கோபிஜி போன்ற டிரைவர்கள் நீங்கள் கேட்காமலே முதல் ஸ்டேட்மென்ட்டில் பிகின் போட்டுவிடும். பிஜிபவுன்சரை (கனெக்ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் கருவி) டிரான்ஸாக்ஷன் முறையில் நடுவில் வைத்திருந்தால் இந்தக் கனெக்ஷன் மட்டும் நேராகப் போகட்டும். இல்லாவிட்டால் லாக் ஏதோ ஒரு கனெக்ஷனில் மாட்டிக்கொள்ளும், அடுத்த நிமிடம் அந்தக் கனெக்ஷன் வேறு யார் கையிலோ இருக்கும்.

லீடர் அதே கனெக்ஷனில் 5 செகண்டுக்கு ஒருமுறை செலக்ட் 1 போடட்டும். தோற்றால் ப்ராசஸே வெளியேறிவிட வேண்டும். "மறுபடி இணைத்துப் பார்ப்போம்" என்று சாமர்த்தியம் காட்டவேண்டாம். நேற்று மாலை உங்களுக்கு நடந்தது அந்த வகைதான். இன்னொரு மூலை: மெஷின் சட்டென்று மின்சாரம் போய் விழுந்தால் போஸ்ட்கிரெஸுக்குச் செய்தியே வராது. லினக்ஸின் டீஃபால்ட் கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்குமுன் காத்திருக்கும் நேரம்) 7200 செகண்ட், இரண்டு மணி நேரம் பேய் லீடர். போஸ்ட்கிரெஸ் பக்கம் டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடிலை 60 ஆக்குங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஏதோ ஒரு நாள் சில செகண்டுக்கு இரண்டு லீடர் இருப்பார்கள். அதனால் எனக்கு லீடரைவிட முக்கியமாகப் படுவது டேபிள்: ஜாப்_வரிசையில் ஜாபின் வகை, யாருக்கு, எந்த நேரத்துக்கு என்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரு யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். இன்சர்ட்டில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங். இரண்டாவது ஆள் போட வந்தாலும் டேபிள் வாங்காது. (முடிந்த ஜாபை உடனே அழிக்கிறீர்கள் என்றீர்கள். இதற்காக ஒரு மணி நேரமாவது வைத்திருந்து அழியுங்கள்.) இது மட்டும் முன்பே இருந்திருந்தால் நேற்று மன்னிப்பு மெயில் எழுதியிருக்கமாட்டீர்கள்.

பிறகு டைம்அவுட்டைத் திரும்பப் போடுங்கள், ஆனால் ஆல்டர் சிஸ்டத்தில் வேண்டாம். ஆல்டர் ரோலில், ஆப்பின் ரோலுக்கு மட்டும், 5 நிமிடம். ஒவ்வொரு சர்வீஸும் அப்ளிகேஷன்_நேம் சொல்லிக்கொண்டு இணையட்டும், அடுத்த தடவை எஸ்எஸ்ஸில் போர்ட் துழாவ வேண்டியிருக்காது.

22 ஜிபி ஃபைல்? வேக்யூம் உள்ளே இடத்தைக் காலி செய்யும், ஆனால் கடைக்கோடியில் முழுக்கக் காலியான பக்கங்களைத்தான் டிஸ்க்குக்குத் திருப்பித் தரும். பிடித்திருந்தவர் போனபின் ஒரே ஒரு தடவை வேக்யூம் ஃபுல் ஓட்டுங்கள். உயிருள்ளது 60 எம்பிதான், ஆகவே ஆகிற நேரம் 22 ஜிபியை ஒருமுறை படிக்கிற நேரம். அதற்கு முன் லாக்_டைம்அவுட்டை 5 செகண்ட் வையுங்கள். லாக் கிடைக்காமல் ஃபுல் வரிசையில் நின்றால் அதற்குப் பின்னால் வருகிற சாதாரண செலக்ட்டுகளும் சேர்ந்து நின்றுவிடும்.

டால்பின்காரன்

மைஎஸ்க்யூஎல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, இதே நோய் இங்கேயும் உண்டு. இன்னோடிபியில் (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) ரோவின் பழைய பதிப்புகள் டேபிளுக்குள் இல்லை, அன்டூ என்ற தனி இடத்தில் சேரும். ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸில் ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் ஏறிக்கொண்டே போனால் யாரோ பேப்பரைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார் என்று அர்த்தம்.

ஒரு வித்தியாசம் கவனிக்கவேண்டும். இங்கே டீஃபால்ட் ரிப்பீட்டபிள் ரீட். அதனால் அக்கா "தடுப்பதில்லை" என்று விட்டுவிட்ட அந்த வெறும் செலக்ட் ஆசாமியும் இங்கே தடுப்பார். எங்களிடம் மாட்டியது ஒரு டெஸ்க்டாப் கிளையன்ட், ஆட்டோகமிட் ஆஃப், ஒரு செலக்ட், திங்கள் காலைவரை திறந்தே கிடந்தது. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இன்னோடிபி_டிஆர்எக்ஸ் டேபிளை டிஆர்எக்ஸ்_ஸ்டார்ட்டெட் வரிசையில் பார்த்தால் முதல் ஆள் அவர்தான். பெரிய அப்டேட் செய்து வைத்திருக்கிறவர் என்றால் கில் போடும்முன் யோசியுங்கள், ரோல்பேக் ஆக எடுக்கும் நேரம் அப்டேட் ஓடிய நேரத்தையே தாண்டலாம்.

நடுராத்திரி_டெப்ளாய்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் சொன்னபடி செய்தேன். செலக்ட் 3 மில்லிசெகண்ட். ஞாயிறு இரவு தூங்கினேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஃபுல் முடிந்தபோது 60 எம்பி. மறுநாள் காலை 630 எம்பி. அதன்பின் ஏறவில்லை, அங்கேயே நிற்கிறது. இன்னும் யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா?

சாவிக்கொத்து

இரவில் பேக்கப் எப்படி எடுக்கிறீர்கள்?

நடுராத்திரி_டெப்ளாய்

பிஜி_டம்ப். 1 மணிக்குத் தொடங்கும், 4 மணிக்கு முடியும்.

சாவிக்கொத்து

அப்படியானால் அவர்தான். டம்ப் முழுக்க ஒரே ஸ்னாப்ஷாட்டில் ஓடும், ரிப்பீட்டபிள் ரீட். மூன்று மணி நேரம் எந்த டெட் ரோவும் நகராது. 10800 செகண்ட், செகண்டுக்கு 35, ரோவுக்கு ஒன்றரை கேபி: சுமார் 570 எம்பி. உங்கள் 60-ஐச் சேர்த்தால் 630. டம்ப் முடிந்ததும் அந்த இடம் உள்ளுக்குள் காலியாகிறது, பகல் முழுக்க அதிலேயே எழுதிக்கொள்கிறது, அடுத்த இரவு மறுபடி அதே அளவு. அதனால்தான் ஏறாமல் நிற்கிறது.

விட்டுவிடுங்கள். உறுத்தினால் ஜாப்_வரிசையைத் தனி டேட்டாபேஸுக்கு மாற்றலாம். ஒரு டேட்டாபேஸில் ஓடுகிற டம்ப் இன்னொரு டேட்டாபேஸின் டேபிள்களைத் தடுப்பதில்லை. 600 எம்பிக்காக நான் அதைச் செய்யமாட்டேன்.

அதைவிட, அந்த டம்ப்பை எப்போதாவது ரீஸ்டோர் செய்து பார்த்திருக்கிறீர்களா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்பில் (கோடைச் சேமித்து வைக்கும் தளம்) தவறான சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார்கள். பேக்கப்பைத் தேடப் போனபோதுதான் தெரிந்தது: சர்வர் 9.6, ஆனால் ஓடியது 9.2-இன் பிஜி_டம்ப், அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். கடைசியில் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

நடுராத்திரி_டெப்ளாய்

செய்து பார்த்ததில்லை என்பதால் நேற்று ஒரு காலி மெஷினில் போட்டேன். டேட்டா வந்தது. ஆனால் "ரோல் இல்லை", "ரோல் இல்லை" என்று திரை நிறைய எரர். டேபிள்களுக்கு உரிமையாளர் எல்லாம் மாறிப்போய், ஆப் இணையவே முடியவில்லை.

சாவிக்கொத்து

பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும். ரோல்கள் கிளஸ்டருக்கு (அந்த சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸுக்கும்) பொதுவானவை, அதில் வராது. பிஜி_டம்ப்ஆல், குளோபல்ஸ் ஒன்லி ஆப்ஷனோடு ஓட்டி அந்தச் சின்ன ஃபைலையும் டம்ப் பக்கத்திலேயே வையுங்கள். ரீஸ்டோரில் முதலில் அது, பிறகு டம்ப். நீங்கள் ஆல்டர் ரோலில் போட்ட 5 நிமிட டைம்அவுட்டும் அந்த ஃபைலில்தான் இருக்கும், திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள்.